பீடிக்கட்டுக்குள் ஒரு கை

ஆழ்வார்குறிச்சி முத்துராணி உடம்புக்கு முடியாமல் அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் கேள்வி கேட்க வேண்டிய வேலையே இருக்காது. மற்றவர்கள் கை வலிக்கிறது, கால் குடைகிறது என்று சொல்லிவிட்டு டாக்டர் முகத்தைப் பார்ப்பார்கள். முத்துராணி சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, வலது கட்டைவிரல் பக்கம் எக்ஸ்டென்சர் பாலிசிஸ் பிரெவிஸும் அதன் கூட்டாளி அப்டக்டர் பாலிசிஸ் லாங்கஸும் மணிக்கட்டைத் தாண்டுகிற இடத்தில் நாலு நாளாக இழுத்துப் பிடிக்கிறது என்று சொல்லி, கையையும் நீட்டிக் காட்டுவாள். போன மாசியில் புதிதாக வேலைக்கு வந்திருந்த ஒரு டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, நீங்கள் நர்ஸா என்று கேட்டார்.

"இல்ல சார். பீடி" என்றாள் முத்துராணி.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வரிசையில் பின்னால் நின்ற இருபது பேருக்கும் அன்றைக்கு மருந்து கிடைத்திருக்காது. கதை அவ்வளவு நீளம்.

முத்துராணிக்கு இப்போது முப்பத்திரண்டு வயது. பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் முப்பத்தொன்று வாங்கி, நாலு மார்க்கில் பெயிலானவள். மற்ற பாடமெல்லாம் பாஸ், கணக்கில் எழுபத்தெட்டு. பெயிலான சேதி கேட்டு மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்தாள். இன்னொரு தடவை எழுதினால் தீர்ந்தது என்று டீச்சர் வீடு தேடி வந்து சொல்லியும் போகவில்லை. வேண்டாம் என்று விரட்டிய பாஷையின் வாசலில் இரண்டாம் தடவை போய் நிற்க எனக்கென்ன தலையெழுத்தா என்று கேட்டுவிட்டாள். ரோஷக்காரி. நாலாம் நாள் எழுந்து சோறு தின்றுவிட்டு மடியில் பீடி சுற்றுகிற சுளகை எடுத்து வைத்தவள்தான், இன்னும் இறக்கி வைக்கவில்லை.

சுளகில் ஒரு பக்கம் வெட்டிய இலை, ஒரு பக்கம் புகையிலைத் தூள், ஓரத்தில் நூல்கண்டு. அந்தத் தெருவில் பாதிப் பெண்களின் மடியில் இதுதான் இருக்கும். முத்துராணிக்குக் கல்யாணமாகி, புருஷன் இசக்கிமுருகன் கோயம்புத்தூரில் ஒரு பலசரக்குக் கடைக்கு வேலைக்குப் போய், கோயில் கொடைத் திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் மட்டும் தலைகாட்டுகிறவராக ஆன பிறகும், அப்பா வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்துகொண்டு அவள் பீடி சுற்றிக்கொண்டுதான் இருந்தாள்.

பொன்செல்வி அவளுக்கு ஒரே தங்கை, பன்னிரண்டு வயது இளையவள். அப்பா கருத்தையாவும் அம்மா தங்கத்தாயும் விடிந்தால் வயல் வேலைக்குப் போய்விடுவார்கள். அதனால் பொன்செல்விக்குத் தலைசீவி, சோறு ஊட்டி, அடம் பிடித்தால் முதுகில் இரண்டு வைத்து வளர்த்ததெல்லாம் முத்துராணிதான். எட்டாம் வகுப்பிலிருந்து, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பொன்செல்வியும் ஒரு சுளகை எடுத்து அக்கா எதிரே உட்கார ஆரம்பித்தாள். புத்தகம் சுவரில் சாய்ந்திருக்கும். கை பீடி சுற்றும், வாய் பாடம் படிக்கும். இப்படியே பத்து போயிற்று, பன்னிரண்டு போயிற்று, நீட் பரீட்சையும் போயிற்று. அரசுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் பாளையங்கோட்டையில் டாக்டருக்குப் படிக்க இடம் கிடைத்தபோது, தெருவே வந்து பொன்செல்விக்குப் பொன்னாடை போர்த்தியது. முத்துராணி ஒரு மூலையில் நின்று, போர்த்துகிறவர்கள் பிள்ளையின் ஜடையை இழுக்காமல் போர்த்துகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வருஷம் கழித்துப் பொன்செல்வி பெட்டியோடு வந்து இறங்கினாள். முகம் சரியில்லை. மற்ற இரண்டு பாடத்திலும் பாஸ், உடற்கூறில் பெயில். ஆறு வாரத்தில் மறுபரீட்சை வைப்பார்கள். அதிலும் போனால் கூடப் படித்தவர்களெல்லாம் மேலே போய்விடுவார்கள், இவள் அடுத்த வருஷம் வருகிற பிள்ளைகளோடு உட்கார வேண்டும். அதைச் சொல்லும்போதே பொன்செல்வி விக்கி விக்கி அழுதாள். அப்படி உட்காருவதைவிடப் படிப்பை விட்டுவிட்டு உன்கூடவே பீடி சுற்றப் போகிறேன் என்றும் சொன்னாள். அந்தக் கடைசி வார்த்தை முத்துராணிக்குப் பொறுக்கவில்லை. நாலு மார்க்குக்காகத் தான் பிடித்த ரோஷம் அப்படியே எதிரில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிற மாதிரி இருந்தது.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். எழுத்தில் எவ்வளவு, வாய்மொழியில் எவ்வளவு? எழுத்தில் நல்ல மார்க். வாய்மொழியில்தான் கவிழ்ந்திருந்தது. எதிரே பரீட்சை வைப்பவர் உட்கார்ந்து ஒரு எலும்பை நீட்டி இது என்ன என்று கேட்டால், பொன்செல்விக்குத் தெரியும். ஆனால் வாய் திறக்காது. கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு விழிப்பாளாம்.

முதல் மூன்று நாள் பொன்செல்வி கட்டிலில் குப்புறப் படுத்து, தலையணை அளவு புத்தகத்தை வைத்துப் படித்தாள். எங்கே சொல்லு பார்ப்போம் என்றால் விழித்தாள். நாலாம் நாள் முத்துராணிக்குக் கடையில் பீடி கொடுக்கிற நாள், கட்டு குறைந்தது. அழுதது போதும், வந்து நாலு பீடி சுற்று என்று தங்கையைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். பொன்செல்வி சுளகை மடியில் வைத்தாள், இலையை எடுத்தாள், தூளை வைத்தாள். பத்து நிமிஷம் போயிருக்காது. அவள் வாய் தானாக முணுமுணுக்கத் தொடங்கியது. தோளில் தொடங்கி முழங்கை வரை, முழங்கையில் தொடங்கி விரல் வரை, வாய்க்குள் நுழையாத பேரெல்லாம் சரசரவென்று வந்து விழுந்தன. முத்துராணி நூலைப் பல்லில் கடித்தபடி அப்படியே நிறுத்தினாள்.

"ஏட்டி, கையை நிறுத்து."

பொன்செல்வி நிறுத்தினாள்.

"இப்பச் சொல்லு."

வாய் திறக்கவில்லை.

"இப்பச் சுத்து."

மறுபடி கொட்டியது. முத்துராணி நூலைத் துப்பினாள். "ஒனக்கு ஒரு சீக்கும் இல்லட்டி. ஆறு வருசமாக் கையில பீடியோட படிச்சவ, அங்கன போய் வெறுங்கையோட உக்காந்தா எப்படி வரும்?" என்றாள்.

சீக்கைக் கண்டுபிடித்தாயிற்று. வைத்தியத்தையும் அவளே வகுத்தாள். ஒவ்வொரு தசைக்கும் நாலு விஷயம் சொல்ல வேண்டும் என்று பொன்செல்வி சொன்னாள்: எங்கே தொடங்குகிறது, எங்கே போய் ஒட்டுகிறது, எந்த நரம்பு, என்ன வேலை. பீடிக்கும் நாலு விஷயம்தானே என்றாள் முத்துராணி. தூள் வைக்கும்போது தொடக்கம். சுருட்டும்போது ஒட்டுகிற இடம். பீடியின் வாயை மடக்கும்போது நரம்பு. நூல் கட்டும்போது வேலை. ஒரு தசைக்கு ஒரு பீடி. இருபத்தைந்து பீடி சேர்ந்தால் ஒரு கட்டு. முன்கையில் தசை எத்தனை என்று கேட்டாள், இருபது. மேல்கையில் நாலு. தோள்மேல் மூடிய மாதிரி ஒன்று. கூட்டிப் பார்த்த முத்துராணி சுவரில் சாய்ந்துகொண்டாள். கணக்கில் எழுபத்தெட்டு வாங்கியவளுக்கு அதைவிடச் சந்தோஷம் வேறு இருக்க முடியாது. ஒரு கட்டு பீடி என்பது சரியாக ஒரு கை.

ஒப்பிப்பதைச் சரிபார்க்க ஆள் வேண்டுமே. பொன்செல்வி ஒரு நாற்பது பக்க நோட்டில் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். முத்துராணி முதலில் தொட மாட்டேன் என்றாள். இங்கிலீஷ் என்றாலே அவளுக்கு இன்னும் ஆகாது.

"இங்கிலீஷ் இல்லக்கா. லத்தீனும் கிரேக்கமும். இது இங்கிலீஷ்காரனுக்கே புரியாது."

இதைக் கேட்டதும் முத்துராணி நோட்டை வாங்கிக்கொண்டாள். அந்த இரண்டு பாஷையிலும் அவள் இதுவரை பெயிலானதில்லை. இங்கிலீஷ்காரனும் திணறுகிறான் என்றால் கொஞ்சம் படித்துத்தான் பார்ப்போமே என்று தோன்றிவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள்: அர்த்தம் தெரியாத பேரை நான் வாயில் போட மாட்டேன்.

அங்கேதான் வேடிக்கை ஆரம்பித்தது. பொன்செல்வி ஒவ்வொரு பேருக்கும் புத்தகத்தைப் புரட்டி அர்த்தம் சொல்லச் சொல்ல, முத்துராணிக்கு அந்தப் பழைய ரோமாபுரிக்காரர்கள் மேல் இருந்த மரியாதை குறைந்துகொண்டே வந்தது. லாட்டிசிமஸ் டார்சி என்றால் என்ன? முதுகில் அகலமானது. அவ்வளவுதானா? அவ்வளவுதான். முழங்காலுக்குக் கீழே இருக்கிற டிபியா? புல்லாங்குழல். முழங்கால் சில்லு பட்டெல்லா? சின்னத் தட்டு. இடுப்பில் தொடை எலும்பு வந்து உட்காருகிற குழிக்கு அசிடாபுலம் என்று பெத்தப் பேர். அர்த்தம் புளித்த காடி ஊற்றி வைக்கிற கிண்ணம். முதுகெலும்பின் நுனியில் இருக்கிற வால் எலும்புக்குக் காக்சிக்ஸ் என்று பேர். அது குயிலாம், அதன் அலகு மாதிரி இருக்கிறதாம்.

"குயிலைக் கொண்டுபோய் எங்கன வச்சிருக்கானுவ பாரு" என்றாள் முத்துராணி. பக்கத்து வீட்டுக் கோமு பீடி சுற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து தெருவில் யாராவது வழுக்கி உட்கார்ந்தால் குயிலுக்கு அடிபட்டதா என்று விசாரிப்பது வழக்கமாயிற்று.

லாங்கஸ் என்றால் நெட்டை, பிரெவிஸ் என்றால் கட்டை என்று தெரிந்தபோது முத்துராணிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இதே தெருவில் நெட்டைச் சுடலைவடிவும் கட்டைச் சுடலைவடிவும் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க யாரும் ஒரு வருஷம் பாளையங்கோட்டையில் தங்கிப் படிக்கவில்லை. ஊர்க்காரர்கள் வைக்கிற பட்டப்பேரைத்தான் இவர்கள் வேறு பாஷையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார்கள் என்பது அவளுடைய தீர்மானம். கெண்டைக்கால் சதைக்கு கேஸ்ட்ரோநீமியஸ் என்று பேர், அர்த்தம் காலின் வயிறு என்று கேட்டபோது மட்டும் கொஞ்சம் யோசித்தாள். நாம் கெண்டை மீனைப் பார்த்த இடத்தில் அவர்கள் வயிற்றைப் பார்த்திருக்கிறார்கள். பாவம், என்ன பசியில் இருந்தார்களோ என்றாள்.

தைரியம் வந்துவிட்டது. ஆறு வாரத்தில் அக்கா, தங்கை இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விஞ்சினார்கள். முத்துராணி ஒரு நரம்பைத் தப்பாகச் சொன்னால் பொன்செல்விக்குப் பொறுக்காது. அக்கா என்றும் பாராமல் சண்டைக்கு வருவாள். வேறு எங்கேயும் வாய் திறக்காத பிள்ளை, முத்துராணியைத் திருத்துவதென்றால் மட்டும் தெருமுனை வரை கேட்கிற மாதிரிப் பேசும். கோயம்புத்தூரிலிருந்து இசக்கிமுருகன் போனில், மூட்டை தூக்கித் தோள் வலிக்கிறது என்று சொன்னார். மேலே மூடிய டெல்டாய்டா, உள்ளே கிடக்கிற சுப்ராஸ்பைனேட்டஸா என்று முத்துராணி கேட்டாள். அவர் உடனே, வீட்டில் எல்லாரும் சுகமா என்று விசாரித்தார்.

ஒன்று மட்டும் அவள் ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை. அது அல்னார் நரம்பு. முழங்கைக்குப் பின்னால் எலும்பை ஒட்டி ஓடுகிறதே, எங்கேயாவது இடித்தால் சுண்டுவிரல் வரை சுரீரென்று மின்சாரம் பாயுமே, அதுதான். முத்துராணி வீட்டு அடுக்களை வாசல் குறுகல். அவள் வேகமாக வெளியே வரும்போதெல்லாம் முழங்கை வாசல்நிலையில் இடிக்கும். கல்யாணமான நாளிலிருந்து இடிக்கிறது. இத்தனை வருஷம் "எம்மா" என்று கத்திக்கொண்டிருந்தவள், பேர் தெரிந்த பிறகு "அல்னார்" என்று கத்தினாள். வைவதற்குப் பேர் கிடைத்ததே பாதி வலியைக் குறைத்தது என்பாள். அந்த நரம்பு எந்தெந்தத் தசைக்குப் போகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

பிள்ளைக்கு எவ்வளவு வந்திருக்கிறது என்று அளந்து சொல்ல ஒரு ஆள் இருந்தார். அவருக்கே அது தெரியாது. பீடிக்கடையில் கட்டுகளைப் பிரித்துப் பார்த்து, இளகினது, நுனி கோணினது எல்லாவற்றையும் கழிவு என்று ஒதுக்குகிறவர் செல்வமணி அண்ணாச்சி. பொன்செல்விக்கு ஒரு பேர் மறந்தால் அந்தப் பீடி இளகிவிடும். முன்கை படித்த வாரம் கழிவு குவிந்தது. தொடைக்கு வந்தபோது குறைந்தது. முகத்துக்குப் போனபோது மறுபடி ஏறியது. அண்ணாச்சி முணுமுணுத்துக்கொண்டே ஒதுக்க ஒதுக்க, முத்துராணி எண்ணிக்கொண்டு வந்து அன்றைக்கு எதை மறுபடி படிக்க வேண்டும் என்று தங்கைக்குச் சொன்னாள். பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் அவர் நாற்பது கட்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒதுக்க ஒன்றும் அகப்படாமல், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்னம்மா, இந்தத் தடவை ஒண்ணுகூடத் தேறலையே" என்று குறைப்பட்டார்.

"இல்ல அண்ணாச்சி. எல்லாந் தேறிருச்சி" என்றாள் முத்துராணி.

பரீட்சை அன்று காலையில் இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். எழுத்துப் பரீட்சை முந்தைய வாரமே முடிந்துவிட்டது, அதில் பயமில்லை. இன்றைக்கு வாய்மொழி. கல்லிடைக்குறிச்சி தாண்டும்போது முத்துராணி தங்கையின் வெறுங்கையைப் பார்த்தாள். சுளகை உள்ளே விட மாட்டார்கள். கை சும்மா இருக்குமே. அதற்கும் அவள் ஒரு வழி வைத்திருந்தாள். தேறின பீடியில் ஒரு கட்டைக் கடைக்குக் கொடுக்காமல் எடுத்து வைத்திருந்தாள். அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, கையை உள்ளே விட்டு ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே சொல்லு என்றாள். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை பீடியோடு போவதா, ஆளை விடு என்று பொன்செல்வி கோபப்பட்டாள். முத்துராணி சரி என்றாள். கல்லூரி வாசலில் தங்கைக்கு வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டு, காலரைச் சரிசெய்கிற சாக்கில் பீடிக்கட்டைக் கோட்டுப் பையில் இறக்கி, அதன்மேல் கைக்குட்டையையும் வைத்தாள். தொட்டால் போதும், பிள்ளை புரிந்துகொள்ளும் என்று நினைத்தாள். இப்படி ஒரு யோசனை பீடி சுற்றுகிற வீட்டில் பிறந்தவளுக்குத்தான் வரும்.

உள்ளே நடந்தது பொன்செல்வி பிறகு சொன்னது. பரீட்சை வைக்க வெளியூரிலிருந்து டாக்டர் பெர்சிஸ் என்று ஒரு அம்மா வந்திருந்தார். கண்டிப்பானவர். மேசையில் எலும்புகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, முன்கையில் தொடங்கலாம் என்று இங்கிலீஷில் சொன்னார். பொன்செல்விக்குக் கை மேசைக்கு அடியில் போயிற்று. வாய் பூட்டிக்கொண்டது. முதல் கேள்வி போயிற்று, இரண்டாவது போயிற்று, மூன்றாவதும் போயிற்று. நெற்றியில் வேர்த்து ஒழுகியது. துடைக்கலாம் என்று கைக்குட்டையை இழுத்தாள். கூடவே கட்டும் வந்தது. மேசைமேல் விழுந்து, நூல் அவிழ்ந்து, இருபத்தைந்து பீடியும் எலும்புகளுக்கு நடுவே உருண்டன.

பெர்சிஸ் டாக்டர் தம்முடைய இருபது வருஷ வேலையில் பரீட்சைக்குத் துண்டுச்சீட்டு கொண்டுவந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறார். பீடிக்கட்டு கொண்டுவந்த பிள்ளையைப் பார்த்ததில்லை. குடிப்பாயா என்று கேட்டார். பொன்செல்வி இல்லை என்று தலையை ஆட்டினாள். பின் யாருடையது? பொன்செல்வியின் வாயிலிருந்து அன்றைக்கு முதல் வார்த்தை அப்போதுதான் வந்தது: எங்க அக்காவுது.

தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த முத்துராணி முன்னால் உதவியாளர் வந்து நின்று, இதில் பீடி அக்கா யார் என்று கேட்டார். பக்கத்தில் இருந்த பெற்றோரெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். முத்துராணி எழுந்தாள். கால் ஓடவில்லை, கேஸ்ட்ரோநீமியஸ் இரண்டும் பஞ்சாகிவிட்டன. நான்தான் பிள்ளையைக் கெடுத்தேன், நான்தான் கெடுத்தேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.

உள்ளே பொன்செல்வி குனிந்த தலை நிமிராமல் நின்றிருந்தாள். பெர்சிஸ் டாக்டர் பீடிகளைக் காட்டி, இது என்ன என்று தமிழில் கேட்டார்.

"அது பீடி இல்ல டாக்டரம்மா. அது கை" என்றாள் முத்துராணி.

அந்த அம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். முத்துராணிக்குப் பதற்றத்தில் வாய் தானாக ஓடியது. தூள் வைக்கிறதிலிருந்து நூல் கட்டுகிறது வரை, செல்வமணி அண்ணாச்சி கழித்தது வரை எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே பழக்கதோஷத்தில் பீடிகளைப் பொறுக்கி வரிசையாக வைக்க ஆரம்பித்தாள். ப்ரோனேட்டர் டெரஸ், ஒன்று. பிளெக்சர் கார்பி ரேடியாலிஸ், இரண்டு. தொடங்குவது இங்கே, ஒட்டுவது இங்கே, மீடியன் நரம்பு, மணிக்கட்டை மடக்கும். பெர்சிஸ் டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவருடைய பூர்வீகம் பாளையங்கோட்டைதான் என்பது அடுத்துப் பேசிய பேச்சில் தெரிந்தது.

"நீ எதுவரைம்மா படிச்சிருக்க?"

"பத்து பெயிலு."

"இதெல்லாம் யாரு சொல்லித் தந்தது?"

"இவதான்."

"ஒனக்கு இம்புட்டும் சொல்லித் தந்தவ, எங்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேங்காளே. ஒனக்கா நான் மார்க் போட முடியும்?"

முத்துராணி தங்கையைப் பார்த்தாள். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. மேசைமேல் இரண்டு பீடி வரிசையாக இருக்கின்றன, இன்னும் இருபத்துமூன்று கிடக்கின்றன. அத்தனையும் சொல்ல முத்துராணிக்கு முடியும். டாக்டரம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார், வாழ்க்கையில் முதல் தடவையாகப் படித்த ஒருத்தர் அவள் பாடம் ஒப்பிப்பதை வாய் மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் இவள் சொல்லச் சொல்லப் பாஸாகிறவள் இவள்தான்; பெயிலாகிறவள் பொன்செல்வி. அது முத்துராணிக்கு நொடியில் விளங்கிவிட்டது. அவள் அடுத்த பீடியை எடுத்தாள்.

"பிளெக்சர் கார்பி அல்னாரிஸ்" என்றாள். தொடங்குகிற இடத்தைச் சரியாகச் சொன்னாள். பட்டாணி மாதிரி இருக்கிற எலும்பில் போய் ஒட்டுகிறது என்றும் சரியாகச் சொன்னாள். பிறகு, "நரம்பு மீடியன்" என்றாள்.

பொன்செல்வியின் தலை நிமிர்ந்தது.

"மீடியனா?"

"ஆமா, மீடியன்."

"யாரு சொன்னா ஒனக்கு? முன்பக்கம் எல்லாத்துக்கும் மீடியன், இதுக்கும் ப்ரொபண்டஸ்ல பாதிக்கும் மட்டும் அல்னார்னு எத்தன தடவை சொல்லியிருக்கேன்?"

"நோட்டுல மீடியன்னுதான் போட்டிருக்கு."

"நோட்டு எழுதுனதே நான்தான்."

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. பரீட்சை, டாக்டர், வெள்ளைக் கோட்டு எல்லாம் மறந்து பொன்செல்வி அக்காவோடு சண்டைக்கு நின்றாள். மூன்றாவது பீடியைப் பிடுங்கி அதன் இடத்தில் வைத்தாள், நாலாவதை எடுத்தாள். பெர்சிஸ் டாக்டர் குரலை உயர்த்தாமல், அந்தச் சண்டைக்கு நடுவிலேயே ஒரு கேள்வியை நுழைத்தார். அல்னார் அறுந்துபோனால் கை எப்படி இருக்கும்? பொன்செல்வி அக்காவைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். இன்னொரு கேள்வி. அதற்கும் அக்காவைப் பார்த்தே பதில். நாலாவது கேள்வியில் அவள் முகம் தானாக டாக்டர் பக்கம் திரும்பியது. கை பீடியை உருட்டிக்கொண்டே இருந்தது, யாரும் தடுக்கவில்லை. பெர்சிஸ் டாக்டர் கதவைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். முத்துராணி பின்பக்கமாகவே நடந்து, சத்தம் இல்லாமல் வெளியே வந்தாள்.

திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்ட் கடையில் முத்துராணி மூன்று பரோட்டா சாப்பிட்டாள். பொன்செல்விக்கு ஒன்றுதான் இறங்கியது. மீதி நேரமெல்லாம் அக்காவை வைதாள். அந்த அம்மா முன்னால் என் மானத்தை வாங்கிவிட்டாய், ஆறு வாரம் படித்தும் அல்னாரைப் போய் மீடியன் என்கிறாயே என்றாள். முத்துராணி, மறந்துபோச்சு என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் சால்னா கேட்டு வாங்கினாள்.

முடிவு தெரியப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் தெருவுக்கு இதுதான் வேடிக்கை. முத்துராணி பரீட்சைக்காரம்மா முன்னால் அல்னாரைத் தப்பாகச் சொன்னாள் என்று பொன்செல்வி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அல்னாரையா என்று கோமு நம்பாமல் கேட்டாள். பீடிக்கடையில் செல்வமணி அண்ணாச்சிகூட, உன்னையும் ஒருத்தர் கழித்துவிட்டாராமே என்று கேட்டார். பத்தாம் வகுப்பு பெயிலானவளிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது என்று சொன்னவர்களும் உண்டு. முத்துராணிக்கு முணுக்கென்று கோபம் வருவது ஊருக்கே தெரியும். அந்தப் பத்து நாளும் வரவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் ஒரே பதில், மறந்துபோச்சு.

பதினோராம் நாள் காலையில் முத்துராணி அடுக்களையில் சட்னிக்கு வதக்கிக்கொண்டிருந்தாள். முன்னறையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த பொன்செல்வி, "அக்கா, பாஸு" என்று கத்தினாள். முத்துராணி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். முழங்கை நிலையில் படாரென்று இடித்தது.

"எம்மா, அல்னார்" என்று கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

பொன்செல்வி சிரித்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில் சிரிப்பு நின்றது. நிலையைப் பார்த்தாள். முழங்கை உயரத்தில் ஒரு இடம் மட்டும் பெயிண்ட் போய் வழவழவென்று இருந்தது. அக்காவைப் பார்த்தாள்.

"அக்கா, ஒனக்குத் தெரியும்லா?"

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு. ஒனக்குத் தெரியும்லாக்கா."

"பத்தாங்கிளாஸ் பெயிலானவட்ட வந்து என்னத்தட்டி கேக்க? சுண்டுவிரல் வரைக்கும் மரத்துப்போச்சு. உக்காந்து பைய நீவி விடு" என்றாள் முத்துராணி.

பொன்செல்வி தரையில் உட்கார்ந்து அக்காவின் முழங்கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கி முத்துராணியின் கையில் விழுந்தது. அடுப்பில் வதங்கினது தீய்கிற வாடை வந்தது; இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"சும்மா நீவாத. சொல்லிக்கிட்டே நீவு" என்றாள் முத்துராணி.

முழங்கையில் தொடங்கிச் சுண்டுவிரல் வரைக்கும் பொன்செல்வி சொல்லிக்கொண்டே நீவினாள்.